எத்தனை மாசம்?

கம்பெனி பஸ்ஸில் தமிழ்மதிக்கு எப்போதும் உட்கார இடம் கிடைத்துவிடும். அதை நினைத்தாலே அவளுக்குக் குமட்டும்.

பொங்கலூர்ப் பிரிவில் அவள் ஏறியதும் யாராவது எழுந்துகொள்வார்கள். பழைய ஆட்கள் எழ மாட்டார்கள், அவர்களுக்கு விஷயம் தெரியும். ஆனால் திருப்பூரில் வாரா வாரம் புது ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். மதுரைப் பக்கத்துக்காரன் என்றால் "உக்காருங்கக்கா, புள்ளத்தாச்சி நிக்கக் கூடாது" என்பான். வடக்கத்தி ஆள் என்றால் பேசாமல் எழுந்து அவள் வயிற்றைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பான். உட்காராமல் நின்றால் பஸ்ஸே திரும்பிப் பார்த்து அறிவுரை சொல்லும். அதற்கு உட்கார்ந்து தொலைப்பதே மேல் என்று உட்கார்ந்துவிடுவாள்.

அவள் மாசமாக இல்லை. இரட்டைப் பிள்ளைகள் பிறந்து பதினோரு வருஷம் ஆகிறது. இரண்டும் ஆறாவது படிக்கின்றன. பிள்ளைகள் வெளியே வந்த பிறகும் வயிறு மட்டும் உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். கையும் காலும் ஒல்லி, கழுத்தெலும்பு தெரியும், நடுவில் இந்த வயிறு. அதனால்தான் பார்த்தவர்கள் எல்லோரும் கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

இந்த ஊரில் பெண்ணின் வயிறு பொதுச்சொத்து. பஞ்சாயத்துக் குழாய்க்காவது திறக்கிற நேரம், மூடுகிற நேரம் என்று உண்டு. இதற்கு அதுவும் கிடையாது. மளிகைக் கடைக்காரர் கேட்பார், பள்ளிக்கூட ஆயா கேட்பாள், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் கேட்பார். ஒரு தடவை மாரியம்மன் கோயிலில் முன்பின் தெரியாத பெண் ஒருத்தி, பொங்கச்சோறு தின்ற கையைக் கழுவாமல் அப்படியே இவள் வயிற்றில் வைத்து, "இது பையந்தான் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள். சேலையில் ஐந்து விரலும் நெய்யாகப் பதிந்துவிட்டது. அந்தச் சேலையை அதற்குப் பிறகு தமிழ்மதி கட்டவே இல்லை. துவைக்கவும் மனசு வராமல் கிழித்துக் கரித்துணி ஆக்கிவிட்டாள்.

அன்றைக்கு அவள் ஒரு முடிவு எடுத்தாள். உலகத்தில் எந்தப் பெண்ணையும், வயிறு எந்த லட்சணத்தில் இருந்தாலும், எத்தனை மாசம் என்று தன் வாய் கேட்காது. அந்த முடிவை அவள் ஒழுங்காகக் காப்பாற்றினாள். அதுதான் பின்னால் வினையாக வந்தது.

அவளுக்குச் செக்கிங்கில் வேலை. தைத்து வருகிற பனியன்களை மேஜையில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து, நல்லதை ஒரு பக்கம், கெட்டதை ஒரு பக்கம் போட வேண்டும். காலை எட்டரைக்கு நின்றால் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை. நடுவில் தையல் லைனிலிருந்து மூட்டை மூட்டையாகத் தானே தூக்கிவர வேண்டும். தூக்கும்போதெல்லாம் இடுப்பு விட்டுப்போகும். இருமினால், தும்மினால் நாலு சொட்டுச் சிறுநீர் வந்துவிடும். பஞ்சுத் தூசி பறக்கிற இடத்தில் தும்மாமல் இருக்க முடியுமா? ஆடி மாதம் பல்லடம் பக்கமிருந்து காற்று வீச ஆரம்பித்தால் தூசி கண் தெரியாமல் சுழலும். அவள் பையில் எப்போதும் இரண்டு மாற்று உள்பாவாடை இருக்கும். ஈரத்தோடு பத்து மணி நேரம் நின்றவர்களுக்குத்தான் அந்த நாற்றம் தெரியும். பக்கத்து மேஜைக்காரி மூக்கைச் சுளிக்கிறாளோ என்று நாள் முழுக்க ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

இதற்கெல்லாம் அவள் கண்ட மருந்து ஒரு பெல்ட். கம்பெனியில் ஆண்கள் ஜட்டிக்கு இடுப்பில் வைக்கிற அகல எலாஸ்டிக்கில், வெளிநாட்டுக் கம்பெனியின் பேர் பெரிய எழுத்தில் நெய்து வரும். சாயம் சரியில்லை என்று கழித்துப் போட்டதில் ஐந்தாறு முழம் எடுத்து, மூன்று வரிசை சேர்த்துத் தைத்து, கொக்கி வைத்தாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அதை மாட்டினால் வயிறு பாதி உள்ளே போய்விடும். பார்த்த பெண்கள் தங்களுக்கும் கேட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்குத் தைத்துக் கொடுத்திருப்பாள். எவனோ ஒரு வெள்ளைக்காரனின் ஜட்டிப் பெயரை வயிற்றில் கட்டிக்கொண்டு அந்தச் செக்கிங் செக்‌ஷனே நின்றுகொண்டிருந்தது.

சித்திரை மாதம் இடுப்பு வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டர் அவளை உடற்பயிற்சி சொல்லித் தருகிற சித்ரகலாவிடம் அனுப்பினார். சித்ரகலா அவளைப் படுக்கச் சொன்னாள். முட்டியை மடக்கித் தலையை மட்டும் தூக்கச் சொன்னாள். தமிழ்மதி கண்ணை மூடிக்கொண்டாள். தலையைத் தூக்கினால் நடுவயிறு கூம்பி, நெஞ்சுக் குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை ஒரு மேடு எழும்பி நிற்கும். பதினோரு வருஷமாக அவள் தானே பார்க்கச் சகிக்காத காட்சி அது.

சித்ரகலா முகம் சுளிக்கவில்லை. விரல்களை நடுவயிற்றில் குறுக்காக வைத்து அழுத்தினாள். நாலு விரலும் உள்ளே போயின.

"இது கொழுப்பு இல்லீங்கக்கா. வயித்துக்கு முன்னால ரெண்டு பக்கமும் சதை ரெண்டு பட்டையா இருக்குதுங்க. நடுவால அதைச் சேத்துப் புடிக்கறது ஒரு சவ்வு. ரெட்டைப் புள்ள இருந்ததுல அது இழுபட்டு அகண்டு போச்சு. பனியன் கழுத்துல ரிப்பு இழுத்துப் போனா என்னாகும்?"

"தொங்கிப் போயிருமுங்க. ரெகவரி இல்லைன்னு ரிஜெக்ட் பண்ணிருவோம்."

"துணிக்கு ரெகவரி வராதுங்க. உங்களுக்கு வரும்."

"பதனொரு வருஷம் ஆச்சுங்களே."

"ஆகட்டும். முழுசா மூடுமான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா பெலம் வரும், இடுப்பு வலி கொறையும், நாலு வெரலு ரெண்டு வெரலாகும். இத்தன நாளா என்னங்க பண்ணுனீங்க?"

தமிழ்மதி பெல்ட்டைக் காட்டினாள். போனில் பார்த்து மல்லாந்து படுத்து எழுந்து எழுந்து உட்கார்கிற பயிற்சி செய்ததையும், தும்மினால் ஒழுகுவதையும் சொன்னாள். சித்ரகலா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ரெண்டையும் இன்னியோட உட்டுருங்க. இப்படி இறுக்குனா உள்ள இருக்கறது எங்க போகும்? கீழ தள்ளும். அதனாலதான் தும்முனா ஒழுகுது. படுத்து எந்திரிக்கறப்ப நேரா எந்திரிக்காதீங்க, ஒருச்சாஞ்சு கையூனி எந்திரிங்க. எதைத் தூக்குனாலும் மொதல்ல மூச்சை உட்டு, அடிவயித்த மெதுவா உள்ள வாங்கிட்டுத் தூக்குங்க. இன்னும் மூணு மாசத்துக்கு மூட்டை தூக்கக் கூடாது. உக்காந்து செய்யற வேலையாக் கேளுங்க, நான் சீட்டு எழுதித் தாரேன்."

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு தமிழ்மதி ஆபீஸுக்குப் போனாள். அங்கே இந்துமதி என்று ஒரு பெண். கோயம்புத்தூரில் படித்தவள், வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ஆட்களை எடுப்பது, அனுப்புவது, வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆடிட் வந்தால் காட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. சீட்டைப் பின்னும் முன்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இது நோயே இல்லையேங்க தமிழ்மதி. டெலிவரி ஆன எல்லாருக்கும் இருக்கறதுதான். எங்கக்காவுக்குக்கூட இருக்குது. சேர் போட்டு உக்கார வைக்கறது பாலிசிப்படி ப்ரெக்னன்ட்டா இருக்கறவங்களுக்கு மட்டுந்தாங்க."

"மாசமா இருக்கறவங்க யாருங்க இருக்கறாங்க? அந்தச் சேரு மூலையில சும்மாதானுங்க கெடக்குது."

"அதுக்காக மத்தவங்களுக்குக் கொடுத்தா ஆடிட்ல கேள்வி வரும்."

முதுகுச் சாய்மானம் வைத்த ஊதா நிற நாற்காலி அது. பாலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை. தமிழ்மதி சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

பயிற்சியை மட்டும் விடவில்லை. காலையில் சோறு பொங்குகிற நேரத்தில் அடுப்படித் தரையிலேயே படுத்து மூச்சை விட்டு வயிற்றை உள்ளே வாங்குவாள், குதிகாலை மெதுவாக நீட்டி மடக்குவாள். பார்க்கிறவர்களுக்கு அவள் சும்மா படுத்திருக்கிற மாதிரிதான் தெரியும். லைன் வீட்டில் கதவைத் திறந்து வைத்தால் பக்கத்து வீட்டுக்காரி, "என்ன தமிழு, மசக்கையா?" என்பாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெல்ட்டைக் கழற்றிய முதல் வாரம் தன் வயிறு தன்னிடம் இல்லாததுபோல இருந்தது. செக்கிங்கில் அடுத்த மேஜையில் நிற்கிற ஜோதிகா, வெள்ளகோவிலிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சின்னப் பெண், மதிய இடைவேளையில் வந்து கேட்டாள்.

"ஏனுங்கக்கா, உங்க பெல்ட்ட இப்பப் போடறதில்லீங்களா?"

"ஆவாதுன்னுட்டாங்க கண்ணு."

"சும்மா இருந்தா எனக்குக் குடுங்கக்கா. எனக்கும் வயிறு தொங்கறாப்பல இருக்குது."

தமிழ்மதி அவள் வயிற்றை ஒரு தடவை பார்த்தாள். கேள்வி நாக்கு வரை வந்தது. ச்சீ, நானும் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டுமா என்று விழுங்கினாள். "இது நல்லதில்ல புள்ள, இறுக்காம போடு" என்று மட்டும் சொல்லி, பெல்ட்டைக் கொடுத்துவிட்டாள்.

பத்து வாரம் ஆயிற்று. ஆடி பிறந்தது. சித்ரகலா மறுபடி அளந்தபோது மூன்று விரல் கூட முழுசாகப் போகவில்லை. தும்மினால் ஒழுகுவது பாதி குறைந்திருந்தது. "மூட்டை தூக்கறத நிறுத்துனீங்கன்னா இன்னும் வெரசாச் சேரும், இல்லைன்னா கட்டுனதை நீங்களே அவுத்தாப்பல ஆயிரும்" என்றாள் அவள். தமிழ்மதி நிறுத்தவில்லை. நிறுத்தினால் வேலை போய்விடும்.

அந்தச் சனிக்கிழமைதான் இந்துமதி அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். போனதும் எதிரே உட்கார வைத்தாள், டீ வரவழைத்தாள். டீயில் ஆடை மிதந்தது. தமிழ்மதி தொடவில்லை.

"உங்களுக்கு அந்தச் சேர் கொடுத்துடலாம்னு இருக்கறோமுங்க. பிசிர் வெட்டற செக்‌ஷன்ல உக்காந்தே வேலை. மூட்டை தூக்க வேண்டாம். சம்பளம் இதே."

தமிழ்மதிக்கு நம்பிக்கை வரவில்லை. "எதனாலைங்க?"

"செவ்வாக்கெழமை ஆடிட் இருக்குதுங்க. போன ஆடிட்ல வந்த மேடம் ஒரு கேள்வி கேட்டாங்க. நானூறு லேடீஸ் வேலை செய்யற யூனிட்ல மூணு வருஷமா ஒருத்தர்கூட ப்ரெக்னன்ட் ஆகலையான்னு. எங்களால பதிலே சொல்ல முடியல."

"ஆனாங்களேங்க. ஆனவங்களையெல்லாம் நாலாம் மாசமே நீங்கதானுங்களே ஊட்டுக்குத் தாட்டி உட்டீங்க."

"அது அவங்க நல்லதுக்குங்க. ரெஸ்ட் எடுக்கட்டும்னு." இந்துமதி குரலைத் தாழ்த்தினாள். "நீங்க ஒரு நாள் மட்டும் அந்தச் சேர்ல உக்காந்தீங்கன்னாப் போதும். ஊதா ஓவர்கோட்டு, பேட்ஜு எல்லாம் இருக்குது. எத்தனை மாசம்னு கேட்டா ஆறுன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். ஆடிட் முடிஞ்சாலும் சேர் உங்களுக்குத்தான்."

"எனக்கு வயித்துல ஒண்ணுமில்லைன்னு உங்களுக்குத் தெரியுமுங்க."

"தெரியுங்க. பாக்கறவங்களுக்குத் தெரியாதில்லீங்களா."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நல்ல பல்வரிசை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் தின்றுவிட்டு விளையாடப் போனபிறகு அவள் புருஷன் சிவராஜிடம் சொன்னாள். சிவராஜுக்குச் சாயப்பட்டறை வேலை. அவன் நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். இந்த வாரம் நீலம். அந்த நீல விரலால் கோழிக் குழம்பில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"ஒரு நாள்தான? உக்காந்துட்டு வா புள்ள" என்றான்.

"சொல்றதுக்கே எனக்கு ஓங்கரிக்குது. உங்களுக்கு ஒண்ணும் தோணுலீங்களா?"

"என்ன தோணோணும்? பதனொரு வருஷமா ஊரே நெனச்சுட்டுத்தான் இருக்குது. இன்னொருத்தன் எச்சா நெனச்சா தேஞ்சா போயிருவ? சேரு நெசம்தான? அந்தப் பயிற்சிக்காரம்மா மூட்டை தூக்காதீங்கன்னு சொல்லுச்சா இல்லியா?"

"சொன்னாங்க. சீட்டோட போயி ஒடம்பு செரியில்லைன்னு நெசத்தச் சொன்னப்ப இல்லைன்னுட்டாங்க. இப்பப் பொய் சொன்னாக் கெடைக்கிது. நெசத்துக்கு இல்லாத சேரு பொய்யிக்கு மட்டும் எங்கிருந்து வருது?"

"அதையெல்லாம் பாத்தா பொழைக்க முடியுமா? நான் வேலை செய்யற எடத்துல ஆத்துல உடற தண்ணிக்கே ஆடிட் அன்னிக்கு வேற தண்ணி காட்டுவாங்க. நாங்களும் தலையாட்டிட்டுத்தான் நிக்கறோம்."

தமிழ்மதி அவன் தட்டில் இன்னொரு கரண்டிக் குழம்பை ஊற்றினாள். பிறகு கேட்டாள்.

"நீங்க கடைசியா இந்த வயித்தத் தொட்டது எப்பன்னு நாவகம் இருக்குதுங்களா?"

சிவராஜ் கையை நிறுத்தினான்.

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க."

"நாவகம் இல்ல."

"எனக்கு இருக்குது. புள்ளைகளுக்கு மொத மொட்டை எடுத்த வருஷம். கட்டில்ல இருந்து நான் எந்திரிச்சேன். நீங்க பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டீங்க."

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். குழம்பு விரலில் காய்ந்தது.

"பயந்துட்டேன் தமிழு" என்றான் கடைசியில். "நட்ட நடுவால கூம்பிட்டு நின்னுச்சு. உள்ளாற இருந்து என்னமோ பொத்துட்டு வாராப்பல."

"அருவருப்பா இருந்துச்சுன்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"ஆமா. இருந்துச்சு."

அவன் அதைச் சொன்னதும் அவளுக்கு அழுகை வரும் என்றுதான் நினைத்தாள். வரவில்லை. பதினோரு வருஷம் அடைத்துக்கொண்டிருந்த சாக்கடையைக் குத்திவிட்ட மாதிரி நாற்றமும் வந்தது, தண்ணீரும் ஓடியது.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றாள். "கையக் கழுவிட்டு வாங்க."

பாயில் படுத்து முட்டியை மடக்கினாள். தலையைக் கொஞ்சமாகத் தூக்கினாள். விரலை எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னாள். சிவராஜ் சூடான அடுப்பைத் தொடுகிறவன்போல வைத்தான்.

"எத்தனை வெரலு போவுது?"

"ரெண்டு."

"பயிற்சிக்காரம்மா வெரலுக்கு ரெண்டரை. உங்க வெரலு தடி. மொத வாரம் நாலுங்க."

சிவராஜ் கையை எடுக்கவில்லை. "கூம்பறதும் கொறஞ்சிருக்குது புள்ள" என்றான். "வெறுஞ்சோத்துக்கு நின்னாலும் செரி, உனக்கு இஷ்டமில்லைன்னா உக்காராத." அடுத்த மூச்சிலேயே, "ஆனா மூட்டை தூக்கி இது மறுக்கா நாலாச்சுன்னா என்ன பண்ணுவ?" என்றும் கேட்டான். அதனால்தான் செவ்வாய்க்கிழமை உட்காருவது என்று முடிவு செய்தாள்.

ஆடிட் அன்றைக்குக் கம்பெனி அடையாளம் தெரியாது. வழியடைத்துக் கிடந்த மூட்டைகள் மாயமாகிவிடும். வருஷம் முழுக்கப் பூட்டியிருக்கிற அவசர வாசல் திறந்திருக்கும். கக்கூஸில் சோப்பு இருக்கும், அதையும் எவளாவது எடுத்துப் போய்விடக் கூடாது என்று நூலால் கட்டி வைத்திருப்பார்கள். நாற்றத்தின் மேல் மல்லிகை வாசனைத் தண்ணீரைத் தெளிப்பார்கள், இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு நாற்றம் வரும்.

இந்துமதி ஊதா ஓவர்கோட்டை மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். முகம் சுருங்கியது.

"என்னங்க தமிழ்மதி, வயிறு கம்மியாத் தெரியுது? போன மாசமெல்லாம் நல்லா இருந்துச்சே."

"பயிற்சி பண்றனுங்க. கொறஞ்சிருக்குது."

"இந்த நேரத்துலயா குறைக்கறது?" உண்மையாகவே வருத்தப்பட்டாள் அவள். கட்டிங் டேபிளுக்கு அடியிலிருந்து ஒரு கை நிறைய வேஸ்ட் துணியை அள்ளிக்கொண்டு வந்தாள். "இதை உள்ள வெச்சுக் கட்டிக்கங்க. ஆறு மாசம் தெரியோணும். பத்து மணிக்கு மேடம் வந்துருவாங்க."

தமிழ்மதி கக்கூஸுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். துணியை உருட்டி, பாவாடை நாடாவுக்குள் செருகினாள். குனிந்து பார்த்தாள். பத்து வாரத்துக்கு முந்திய அதே வயிறு திரும்ப வந்திருந்தது. அதே கனம், அதே புழுக்கம். தரையில் படுத்து விட்ட மூச்செல்லாம் ஒரு கை வேஸ்ட் துணியில் போய்விட்டது.

அடுத்த அறையில் யாரோ வாந்தி எடுத்தார்கள். சத்தம் வராமல் எடுக்கப் பார்க்கிற வாந்தி. பிறகு கொக்கி கழற்றுகிற சத்தம், ஒரு நீளப் பெருமூச்சு. அந்தக் கொக்கிச் சத்தம் தமிழ்மதிக்குத் தெரியும். அவள் வைத்த கொக்கி.

வெளியே வந்து அந்தக் கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாள் கிடையாது, திறந்துகொண்டது. ஜோதிகா சுவரில் சாய்ந்து நின்றாள். சட்டை மேலே தூக்கியிருந்தது. பெல்ட் கையில் தொங்கியது. வயிறு உருண்டு திரண்டு முன்னால் நின்றது. அந்த வயிற்றின் மேல் எலாஸ்டிக்கின் எழுத்துகள், வெள்ளைக்காரன் கம்பெனிப் பெயர், கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிச் சிவப்பாகப் பதிந்திருந்தன. மூன்று வரிசை.

தமிழ்மதிக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. இத்தனை நாளாக வைத்துக் காப்பாற்றிய முடிவை அங்கேயே விட்டாள்.

"எத்தனை மாசம் கண்ணு?"

"அஞ்சுங்கக்கா." ஜோதிகா அழ ஆரம்பித்தாள். "சொல்லிறாதீங்க. தெரிஞ்சா தாட்டி உட்டுருவாங்க. எங்கூட்டுக்காரரு கால் ஒடஞ்சு ஊட்டுல கெடக்கறாரு. இன்னும் ரெண்டு மாசம் தள்ளிட்டன்னாப் போதும்."

"மூட்டை தூக்கறயா?"

"தூக்கறனுங்க."

"இதை இத்தன இறுக்கியா கட்டுன?"

"லூசாக் கட்டுனா தெரியுதுங்களேக்கா."

தமிழ்மதிக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊரெல்லாம் அசிங்கமாகக் கேட்கிற அதே கேள்வியை, அன்றைக்கு இந்தப் பெண்ணிடம் ஒரு தடவை கேட்டிருந்தால் அந்த எழுத்து அந்த வயிற்றில் ஏறியிருக்காது. நல்லவளாக இருக்கிறேன் என்று வாயை மூடிக்கொண்டு, கையால் பெல்ட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

பாவாடைக்குள் கையை விட்டு வேஸ்ட் துணியை உருவினாள். வியர்வையில் நனைந்திருந்தது. வாளியில் எறிந்தாள். ஊதா ஓவர்கோட்டைக் கழற்றினாள்.

"இதப் போட்டுட்டு அந்தச் சேர்ல உக்காரு. கேட்டா நெசத்தச் சொல்லு. அஞ்சுன்னு."

"அய்யோ, ஆபீஸ்ல..."

"ஆபீஸ்ல மாசமா ஒருத்தி வேணும்னுதான் தேடறாங்க. ஆடிட்டுக்கு வர்ற அம்மா உம் பேர எழுதிப் போட்டோப் புடிச்சுட்டா பொறவு உன்னையத் தாட்ட முடியாது. அடுத்த ஆடிட்டுல கொழந்தை எங்கன்னு கேப்பாங்க. உனக்கு இஷ்டம் இருந்தாப் போ. இல்லைன்னா நானே போய் உக்காந்துக்கறேன், நீ இந்தக் கருமத்தக் கட்டிட்டு மூட்டையத் தூக்கு."

"எனக்கு பயமா இருக்குதுங்கக்கா."

"எனக்குந்தான்."

"சேரு உங்களுக்குன்னு சொன்னாங்களாமே?"

"அது மாசமா இருக்கறவங்க சேரு. சீட்டோட போனப்பவே சொல்லிட்டாங்க."

ஜோதிகா முகத்தைக் கழுவினாள். நூலில் கட்டிய சோப்பைப் போட்டே கழுவினாள். பிறகு ஓவர்கோட்டுக்குக் கை நீட்டினாள்.

ஆடிட்டுக்கு வந்த அம்மாள் பெங்களூர்க்காரி. கையில் பலகை, கழுத்தில் கேமரா, காலில் கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் உறை. இந்துமதி இங்கிலீஷில் பேசிக்கொண்டே கூட வந்தாள். பிசிர் வெட்டும் பகுதியில் திரும்பியதும் அவள் பேச்சு நின்றுபோனது. ஊதா நாற்காலியில், கட்டு அவிழ்ந்த வயிற்றோடு, ஜோதிகா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அந்த அம்மாளுக்குத் தமிழில் தெரிந்தது நாலைந்து வாக்கியம். அதில் ஒன்று இது.

"எத்தனை மாசம்?"

"அஞ்சுங்க."

பேர் கேட்டாள். பலகையில் எழுதினாள். கொடுத்திருந்த பட்டியலில் தமிழ்மதி என்று இருந்ததைப் பார்த்து இந்துமதியின் முகத்தைப் பார்த்தாள். இந்துமதி "டைப்பிங் மிஸ்டேக்" என்றாள். கேமரா மூன்று தடவை மின்னியது. ஜோதிகா மூன்று தடவையும் கண்ணை மூடிவிட்டாள்.

செக்கிங் மேஜைக்கு வந்தபோது இந்துமதி ஒரு அடி முந்தி வந்து, உதடு அசையாமல் சொன்னாள். "மத்தியானம் ஆபீஸுக்கு வாங்க தமிழ்மதி."

"வாரனுங்க. சீட்டும் எடுத்துட்டு வாரேன்."

தமிழ்மதியின் காலடியில், பார்த்து முடித்துக் கொண்டுபோய்ப் போட வேண்டிய ஜோதிகாவின் மூட்டையும் அவள் மூட்டையும் கிடந்தன. கட்டை அவிழ்த்து, பாதிக்கும் குறைவாகப் பிரித்து எடுத்துக்கொண்டாள். ஒரே நடையில் முடிகிற வேலை அவளுக்கு நாலு நடை ஆகும். ஆகட்டும். தூக்குவதற்குக் குனிந்தபோது ஆடிட் அம்மாளின் பார்வை அவள் வயிற்றில் வந்து நின்றது. எல்லோர் பார்வையும் வந்து நிற்கிற அதே இடம். முகத்தில் அந்தச் சிரிப்பும் வந்துவிட்டது. கை கூடக் கொஞ்சம் நீண்டது.

"உங்களுக்கு... எத்தனை மாசம்?"

தமிழ்மதி மூச்சை விட்டாள். அடிவயிற்றை மெதுவாக உள்ளே வாங்கினாள். துணியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். வயிறு கூம்பவில்லை. நீண்டு வந்த கையைப் பார்த்துக்கொண்டே, அது திரும்பிப் போகிறவரை காத்திருந்து, பதில் சொன்னாள்.

"பதனொரு வருஷமுங்க."